நாணயம் கெட்ட நான்கு ஆண்டுகள்

ஜேர்மன் மொழியைப் பாடசாலையிலும் வீதியிலும் கற்று வளரும் எம் பிள்ளைகளின் வாயில் சில பழைய சொற்கள் அவர்களை அறியாமலே வந்து விழுகின்றன. ஒரு விடயம் சற்றுத் தாமதமாக விளங்கினால் 'குறோஷன் விழுந்துவிட்டது' என்கின்றனர். கடனை ஒரு சதமும் பிசகாமல் தீர்த்தவரை 'ஹெல்லரும் பெனிக்குமாகத் தீர்த்தவர்' என்கின்றனர். கையில் ஒன்றுமே இல்லாதவன் 'ஒரு சிவந்த ஹெல்லர்கூட இல்லாதவன்'. பெனிக்கை மதியாதவன் தாலருக்குத் தகுதியற்றவன் என்பது இந்நாட்டு முதியோர் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லும் அறிவுரை. நாம் 'சிறுதுளி பெருவெள்ளம்' என்போமே, ஏறத்தாழ அதுவே.

இச்சொற்கள் குறிக்கும் காசுகளுள் ஒன்றேனும் இன்று கடையிற் செல்லாது. மார்க்கும் பெனிக்கும் 2002 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் யூரோவுக்கு இடம்விட்டு ஒதுங்கின. தாலரும் ஹெல்லரும் அதற்கு நெடுங்காலம் முன்னரே மறைந்தன. காசு போயிற்று; சொல் நின்றது. நின்ற சொற்களுள் 'சிவந்த ஹெல்லர்' என்பது நம்மைச் சிந்திக்க வைப்பது. ஹெல்லர் வெள்ளிக் காசாகப் பிறந்தது. வெள்ளி எவ்வாறு சிவக்கும்? இவ்வினாவுக்கு விடை தேடப் புகுந்தால், ஏழைகளின் கைக்காசில் இருந்த வெள்ளியை ஆட்சியாளர் எவ்வாறு உறிஞ்சி எடுத்தனர் என்னும் பெரியதொரு வரலாறு விரிகின்றது. இக்கிழமை அவ்வரலாற்றைப் பார்ப்போம்.

ஒரு பேரரசு, நூறு அக்கசாலைகள்

இன்று நாம் ஜேர்மனி என அழைக்கும் நிலப்பரப்பு 1871 வரை ஒரே நாடாக இருக்கவில்லை. 'புனித உரோமப் பேரரசு' என்ற பெருங்குடையின் கீழ்ச் சிற்றரசுகள், ஆயர்களின் ஆட்சிப்பகுதிகள், தம்மைத் தாமே ஆண்ட நகரங்கள் என நூற்றுக்கணக்கான ஆட்சிகள் இருந்தன. காசு அடிக்கும் உரிமை பேரரசருக்கே உரியதாயினும், காலப்போக்கில் அது பலர் கைக்குச் சென்றது. 1356 இல் வெளியான 'பொன் ஆணை' பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்ற கோமக்களுக்கு நாணய உரிமையையும் உறுதி செய்தது. ஏனையோரும் தத்தம் செல்வாக்குக்கேற்ப அதனைப் பெற்றுக்கொண்டனர். பண்டைத் தமிழர் அக்கசாலை என்று குறித்த நாணயச்சாலைகள் இவ்வாறு பேரரசெங்கும் பெருகின.

ஒவ்வோர் ஊரும் ஒவ்வொரு காசை ஈன்றது. சுவாபியாவிலுள்ள ஹால் என்னும் உப்பு விளையும் நகரில் அடிக்கப்பட்டமையால் 'ஹெல்லர்' எனப் பெயர் வந்தது. தைரோலில் மெரான் நகரில் 13 ஆம் நூற்றாண்டிற் தோன்றிய காசில் சிலுவை பொறிக்கப்பட்டிருந்தது. சிலுவைக்கு ஜேர்மன் மொழியில் 'குறொய்ட்ஸ்', ஆதலால் அது 'குறொய்ட்சர்' ஆயிற்று. 1300 இல் பொகீமியாவிற் தோன்றிய பெருங்காசு, 'பெரியது' என்னும் பொருள்தரும் இலத்தீன் சொல்லால் வழங்கி, மக்கள் வாயிற் 'குறோஷன்' எனத் திரிந்தது. கொஸ்லார் நகரம் 1505 முதல் அடித்த காசில் அன்னை மரியாளின் உருவம் இருந்ததால் அது 'மரியன்குறோஷன்' எனப்பட்டது. பேர்ண் நகரின் 'பாட்சன்' அந்நகரின் சின்னமாகிய கரடியிலிருந்து பெயர் பெற்றது என்பர். மெல்லிய தகட்டில் ஒரு பக்கம் மட்டும் அச்சிட்டு, குழிந்த கிண்ணம்போல் அமைந்த 'கிண்ணப் பெனிக்'கும் உண்டு. சட்டைப்பையில் வளைந்துபோகும் அளவுக்கு அது மெல்லியது.

இவற்றிடையே கணக்கு எவ்வாறு நடந்தது? தெற்கே 2 ஹெல்லர் ஒரு பெனிக். 4 பெனிக் ஒரு குறொய்ட்சர். 4 குறொய்ட்சர் ஒரு பாட்சன். 60 குறொய்ட்சர் ஒரு குல்டன். சாக்சனியிலோ 12 பெனிக் ஒரு குறோஷன். 24 குறோஷன் ஒரு தாலர். ஓர் எல்லையைத் தாண்டினால் வாய்பாடே மாறிவிடும். சந்தைக்குச் சென்ற குடியானவனுக்குக் கணக்கு ஆசிரியனுக்கு வேண்டிய மூளை வேண்டியிருந்தது.

தாலர் என்பது இவையனைத்துக்கும் மேலான பெரிய காசு. பொகீமியாவின் மலைப்பள்ளத்தாக்கான யோவாகிம்ஸ்தாலில் வெள்ளிச் சுரங்கம் கண்ட சிலிக் பிரபுக்கள் 1520 ஐ அண்டிய ஆண்டுகளில் அடித்த பருத்த வெள்ளிக்காசு ஊர்ப்பெயரால் 'யோவாகிம்ஸ்தாலர்' எனப்பட்டுப் பின்னர் 'தாலர்' எனக் குறுகியது. 'தால்' என்றால் பள்ளத்தாக்கு. இச்சொல்லே கடல் கடந்து 'டொலர்' ஆயிற்று. ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலேயராட்சியின் தொடக்கத்திலும் இலங்கையில் வழங்கிய 'ரிக்ஸ்டொலர்' என்பதும் இக்குடும்பத்துச் சொல்லே. அக்கணக்குமுறை 1825 இல் அங்கு கைவிடப்பட்டது.

சட்டத்தில் இருந்த ஓட்டை

இத்தனை ஆட்சிகள் இத்தனை காசுகளை அடிக்கும்போது எவர் காசில் எவ்வளவு வெள்ளி இருக்கின்றது என்பதை எவர் பார்ப்பது? பேரரசு இதற்குச் சட்டம் செய்தது. 1524, 1551, 1559 ஆகிய ஆண்டுகளில் நாணயச் சட்டங்கள் வெளியாயின. 1566 இல் தாலரும் சட்டத்தினுட் சேர்க்கப்பட்டது. அளவுகோல் 'கொலோன் மார்க்' என்னும் எடை. இன்றைய கணக்கில் ஏறத்தாழ 234 கிராம். அவ்வெடையுள்ள தூய வெள்ளியிலிருந்து 9 தாலர் வரவேண்டும் என்பது விதி. ஒரு தாலரில் ஏறத்தாழ 26 கிராம் தூய வெள்ளி இருந்தது. பண்டைத் தமிழகத்தில் வண்ணக்கன் என்போர் காசின் மாற்றை நோட்டம் பார்த்ததுபோல், ஒவ்வொரு நாணயச்சாலைக்கும் 'வார்டைன்' என்னும் சோதனையாளர் இருந்தார். பேரரசு பத்து வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. வட்டாரம்தோறும் குறித்த நாட்களில் அதிகாரிகள் கூடி, காசுகளைப் புடமிட்டு நிறுத்துப் பார்ப்பதும் வழக்கம்.

ஏட்டளவில் குறையில்லாத ஏற்பாடு. ஆனால் அதனுள் ஓர் ஓட்டை இருந்தது. அதுவே இக்கட்டுரையின் உயிர்நாடி ஆதலால் சற்று நின்று விளங்கிக்கொள்வோம்.

ஒரு தாலரை அடிக்க ஓர் அச்சு, ஒரு வேலையாள், ஒரு வீச்சு. ஒரு பெனிக்கை அடிக்கவும் அதே அச்சு, அதே வேலையாள், அதே வீச்சு. அதே வெள்ளியைப் பெனிக்குகளாக அடிப்பதென்றால் கரியும் கூலியும் அச்சுத் தேய்மானமும் பன்மடங்காகும். பெரிய காசை அடிப்பவனுக்குச் செலவு சிறிது. சின்னக் காசை அடிப்பவனுக்குச் செலவு பெரிது. சட்டம் இதனைப் போதிய அளவு கருத்திற் கொள்ளவில்லை. சின்னக் காசிலும் ஏறத்தாழ அதே விகிதத்தில் வெள்ளி இருக்கவேண்டும் என எதிர்பார்த்தது. ஆகவே சட்டத்தை மதித்துக் குறொய்ட்சரும் பெனிக்கும் அடித்த அரசுக்கு நட்டமே மிஞ்சிற்று.

அந்த அரசுக்கு மூன்று வழிகள் இருந்தன. நட்டத்தைப் பொறுப்பது ஒன்று. சின்னக் காசு அடிப்பதையே நிறுத்துவது மற்றொன்று. வெள்ளியைக் குறைத்துச் செம்பைக் கூட்டுவது மூன்றாவது. முதலாவதை எவரும் நெடுநாள் தாங்கார். இரண்டாவது நடந்தால் பாணும் உப்பும் வாங்க மக்களிடம் சில்லறை இராது. ஆதலால் பலர் மூன்றாவதைத் தேர்ந்தனர். முதலில் சிறிதளவு, அயலவன் செய்கின்றானே என்று இன்னும் சிறிதளவு.

காசின் தரம் இவ்வாறு தாழ்வதன் ஆபத்தை முன்னரே உணர்ந்தவர்களுள் வானியலறிஞர் கொப்பர்நிக்கசும் ஒருவர். பூமி சூரியனைச் சுற்றுகின்றது என நிறுவப் புகுந்த அதே அறிஞர், பிரசியாவின் காசுகள் தரங்கெட்டுப்போவது பற்றி 1526 அளவில் ஒரு நூல் எழுதினார். உட்பூசல், பெருஞ்சாவு, நிலத்தின் மலட்டுத்தன்மை ஆகியவற்றோடு நாணயம் தரங்கெடுதலையும் நாட்டை அழிக்கும் கேடுகளுள் அவர் சேர்த்தார். முதல் மூன்றும் கண்ணுக்குத் தெரிவன. நான்காவது மெல்ல மெல்ல மறைவாக வருவதால் அதனைச் சிலரே உணர்கின்றனர் என்பது அவரது கருத்து.

தராசு ஆடிய காலம்

1618 இல் பொகீமியாவில் மூண்ட போர் பின்னர் முப்பதாண்டுப் போர் எனப் பெயர் பெற்றது. படைவீரருக்குச் சம்பளம் கொடுக்கவேண்டும். திறைசேரியிலோ பணம் இல்லை. மெதுவாக நடந்துவந்த கலப்படம் இப்போது வெறியாட்டமாயிற்று. 1619 முதல் 1623 வரையான அக்காலத்தை ஜேர்மன் வரலாற்றாசிரியர் 'கிப்பர் உண்ட் விப்பர்' காலம் என்பர். 'விப்பன்' என்பது தராசுத்தட்டு மேலும் கீழும் ஆடுவதைக் குறிக்கும். 'கிப்பன்' என்பதற்குத் தட்டு சாய்தல் என்றும் காசின் ஓரத்தை வெட்டுதல் என்றும் பொருள் கூறுவர். நல்ல கனமான காசைத் தராசில் இட்டுப் பிரித்தெடுத்து உருக்கி, இலேசான காசாக மாற்றியவர்களை மக்கள் இப்பெயரால் ஏசினர்.

இம்மோசடி நடந்த முறை எளியது. ஒரு கோமகனின் முகவர் சாக்கு நிறையப் புதுக்காசுடன் அயல்நாட்டுச் சந்தைக்குப் போவார். பழைய நல்ல காசு வைத்திருக்கும் குடியானவனிடம், 'உன் பத்துக்குப் பன்னிரண்டு தருகிறேன்' என்பார். எண்ணிக்கை கூடுவதைக் கண்டு அவனும் மகிழ்ந்து கொடுப்பான். முகவர் கொண்டுவந்த நல்ல காசு உலைக்குப் போகும். அதிலிருந்து இன்னும் அதிகமான கெட்ட காசு பிறக்கும், மீண்டும் சாக்கு நிறையும், மீண்டும் சந்தை. கொள்ளையிடப்பட்ட அயல்நாட்டான் என்ன செய்வான்? தன் பங்குக்கு அவனும் நாணயச்சாலை திறந்து, மூன்றாமவன் நாட்டுக்குச் சாக்குடன் ஆள் அனுப்புவான். பிறன்சுவிக்-வொல்ஃபன்பியூட்டல் கோமகன் பிரீட்ரிக் உல்ரிக்கின் நாட்டிலும், சாக்சனித் தேர்வாளர் முதலாம் யோகான் கேயோர்க்கின் நாட்டிலும் புதிய நாணயச்சாலைகள் பல முளைத்தன. சட்டத்துக்குப் புறம்பாக ஒளிந்து நடந்த நாணயச்சாலைகளைப் 'பற்றைக்குள் இருக்கும் அக்கசாலைகள்' என மக்கள் அழைத்தனர். இன்னார் அடித்தது என அறியமுடியாதபடி எழுத்தைக் குழப்பியும், அயலவன் சின்னத்தைப்போற் பொறித்தும் காசுகள் வெளிவந்தன.

இறுதியில் வெள்ளி பெயருக்கும் இல்லாமற் போயிற்று. செம்புத் தகட்டை வெட்டி, புளிப்பான கரைசலிற் காய்ச்சினால், கலந்திருக்கும் சிறிதளவு வெள்ளி மேற்பரப்பிற் படிந்து வெண்மையாகத் தெரியும். கையிற் பெறும்போது காசு பளபளக்கும். சில கிழமைகளில் மேற்பூச்சுத் தேய்ந்து சிவந்துவிடும். வெளுத்ததெல்லாம் பால் என நம்பியவர் கையில் செம்பே மிஞ்சிற்று. செம்புக்குத் தட்டுப்பாடு வந்து, வீட்டுக் கிடாரங்களும் அண்டாக்களும்கூட நாணயச்சாலைக்குப் போயின என அக்காலத் துண்டுப்பிரசுரங்கள் கூறுகின்றன.

பெரிய காசாகிய தாலரோ மாறவில்லை. அதிலிருந்த 26 கிராம் வெள்ளி அப்படியே இருந்தது. மாறியது, அந்தத் தாலரை வாங்கத் தேவைப்பட்ட சின்னக் காசின் தொகையே. 1566 இல் ஒரு தாலர் 68 குறொய்ட்சர். 1600 அளவில் 72. 1618 அளவில் 90. 1622 இல் தென் ஜேர்மன் நகரங்கள் சிலவற்றில் 600 ஐயும் தாண்டியது.

யார் தப்பினர், யார் அழிந்தனர்

எண்களை வெறுமனே பார்த்தால் நெஞ்சில் தைக்காது. உதாரணத்துக்கு ஆண்டொன்றுக்கு 60 குல்டன் சம்பளம் பெறும் ஒரு பாடசாலை ஆசிரியரைக் கற்பனை செய்வோம். 60 குல்டன் என்றால் 3600 குறொய்ட்சர். 1600 அளவில் அச்சம்பளம் 50 தாலருக்குச் சமம். 1618 இல் 40 தாலர். 1622 இல் அதே 3600 குறொய்ட்சரை எண்ணிக் கையில் கொடுத்தபோது அது 6 தாலர். சம்பளத்தை எவரும் குறைக்கவில்லை. ஒரு குறொய்ட்சரும் பாக்கி வைக்கவில்லை. ஏட்டில் எல்லாம் சரியாகவே இருந்தது. ஆனால் ஆசிரியர் வீட்டில் அடுப்பு எரியவில்லை. நெடுங்காலம் மாதச்சம்பளத்தில் வாழ்ந்தவன் என்ற முறையில் இக்கணக்கின் கொடுமை எனக்கு நன்கு விளங்குகின்றது. போர்க்காலத்தில் விலை ஏற ஏற ஒரே சம்பளத்தை வைத்துக்கொண்டு வீடு நடத்திய எம் தாய்மாருக்கும் விளங்கும்.

நிலையான சம்பளத்தில் வாழ்ந்த ஆசிரியர், போதகர், வேலைக்காரர், கூலியாட்கள் ஆகியோரோடு இன்னொரு கூட்டமும் அழிந்தது. கணவனோ தந்தையோ விட்டுச்சென்ற சிறு முதலை வட்டிக்குக் கொடுத்து அதில் வாழ்ந்த விதவைகளும் அநாதைகளுமே அவர்கள். 1618 இல் 60 குல்டன் கடன் கொடுத்தவருக்கு 1622 இல் 60 குல்டன் திரும்பக் கிடைத்தது. கொடுத்தபோது 40 தாலர். திரும்பியபோது 6 தாலர். கடன்காரனோ சட்டப்படி கடனைத் தீர்த்த நல்லவன் ஆனான்.

தப்பியவர்கள் எவர்? தாலராகச் சேமித்து வைக்கும் அளவுக்கு வசதி படைத்தவர்கள் தப்பினர். பெருவணிகரும் தப்ப வழி கண்டனர். ஹம்பேர்க் நகரம் 1619 இலும் நூர்ன்பேர்க் நகரம் 1621 இலும் பொது வங்கிகளைத் தொடங்கின. நல்ல வெள்ளியை வங்கியில் இட்டு, கணக்கேட்டில் ஒருவர் பெயரிலிருந்து மற்றவர் பெயருக்கு மாற்றிக்கொண்டால் தெருவில் ஓடும் கெட்ட காசைத் தொடவேண்டியதில்லை. நல்ல ஏற்பாடுதான். ஆயினும் சலவைக்காரிக்கும் சுமைகூலிக்கும் வங்கிக் கணக்கு இருக்கவில்லை. நாட்கூலி சின்னக் காசில் வரும். பாண் சின்னக் காசில் போகும். சின்னக் காசு கெட்டபோது அவர்களுக்கு ஒதுங்க வேறிடம் இருக்கவில்லை.

பாண் சுடுவோரும் இறைச்சிக் கடைக்காரரும் புதுக்காசை வாங்க மறுத்தனர். குடியானவர் தானியத்தைச் சந்தைக்குக் கொண்டுவராமல் வீட்டிலேயே வைத்துக்கொண்டனர். பல நகரங்களில் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். 1622 இல் மாக்டபேர்க் நகரில் நடந்த கலவரத்தில் உயிர்களும் போயின. தேவாலயங்களில் போதகர்கள் இம்மோசடியைப் பாவம் எனக் கண்டித்தனர். இத்தொழில் செய்வோருக்குத் திருவிருந்து கொடுக்கலாமா என்ற வினாவும் அவர்களிடையே எழுந்தது.

இங்கே நாம் கவனிக்கவேண்டிய ஒன்றுண்டு. அக்காலத்துப் படம்போட்ட துண்டுப்பிரசுரங்களில் பழி பெரும்பாலும் தெருவில் காசு மாற்றித் திரிந்த சிறு முகவர் மீதும், குறிப்பாக யூதர் மீதும் விழுந்தது. யூதர் சிலர் இத்தொழிலில் இருந்தனர் என்பது உண்மை. கிறித்தவர் பலரும் இருந்தனர். ஆனால் நாணயச்சாலை எவருடையது? அச்சில் முத்திரை எவருடையது? இலாபத்தின் பெரும்பங்கு எவர் திறைசேரிக்குச் சென்றது? கோமகன் முகத்தைப் பொறித்த காசு கெட்டதற்கு, அவனது ஆட்சியில் உரிமையற்று வாழ்ந்தவன் பழி சுமந்தான். அயலவனாக வாழும் எவருக்கும் இப்பாடம் புதிதன்று.

விரட்டப்பட்டோருக்குக் கொடுத்த காசு

இக்கால நிகழ்ச்சிகளுள் அகதிகளாகிய நம் நெஞ்சை நேரே தொடுவது பொகீமியாவில் நடந்தது. 1620 இல் பிராக் நகருக்கு அண்மையில் வெண்மலைப் போரில் புரட்டஸ்தாந்தப் பிரபுக்கள் தோற்றனர். பேரரசர் இரண்டாம் பேர்டினான்ட் அவர்களின் நிலங்களைப் பறிமுதல் செய்தார். 1622 சனவரியில் பொகீமியா, மொறாவியா, கீழ் ஒஸ்ரியா ஆகியவற்றின் நாணயச்சாலைகள் அனைத்தும் 15 பேர் கொண்ட ஒரு கூட்டுக்கு ஓராண்டு குத்தகைக்கு விடப்பட்டன. குத்தகைத் தொகை 60 இலட்சம் குல்டன். பொகீமியாவின் ஆளுநர் லிச்சென்ஸ்டைன், பின்னர் பெரும் படைத்தலைவராகப் புகழ்பெற்ற வாலன்ஸ்டைன், நிதி முதலாளி ஹான்ஸ் டி விற்றே, பிராக் யூத சமூகத்தின் தலைவர் பசெவி ஆகியோர் அதில் இடம்பெற்றனர். போருக்கு முன்னர் ஒரு மார்க் வெள்ளியில் ஏறத்தாழ 19 குல்டன் அடித்த இடத்தில், 79 குல்டன் அடிக்க ஒப்பந்தமே அவர்களுக்கு அனுமதி தந்தது.

அதே காலத்தில் பறிமுதலான நிலங்கள் விலைக்கு விடப்பட்டன. அவற்றை வாங்கிப் பெருநிலக்கிழாரானவர்களுள் வாலன்ஸ்டைனும் லிச்சென்ஸ்டைனும் முதன்மையானவர்கள். நிலத்தின் ஒரு பங்கை மட்டும் இழக்கவேண்டும் எனத் தண்டிக்கப்பட்டவர்களின் முழு நிலத்தையும் எடுத்துக்கொண்டு, எஞ்சிய பங்குக்கு ஈடாகக் காசு கொடுக்கப்பட்டபோது, அக்காசு இந்தக் கெட்ட காசாகவே இருந்தது. தலைமுறை தலைமுறையாக உழுத காணிக்கு ஈடாகச் செம்பு வில்லைகள்! 1623 டிசம்பரில் பேரரசர் ஓர் ஆணையால் அக்காசின் மதிப்பைப் பெருமளவு வெட்டினார். நிலம் வாங்கியவரிடம் நிலம் இருந்தது. காசு வாங்கியவரிடம் கையில் இருந்ததும் போயிற்று. அதனைத் தொடர்ந்த ஆண்டுகளில் மதம் மாற மறுத்தவர்கள் ஆயிரக்கணக்கில் எல்லை கடந்து சாக்சனியில் அடைக்கலம் புகுந்தனர். பிர்னா, சிற்றாவ் முதலிய நகரங்கள் அவர்களை ஏற்றன. காணியும் வீடும் விட்டுவந்த எம்மவர் பலருக்கு அந்த அகதிகளின் மனநிலையை விளக்கிச் சொல்லவேண்டியதில்லை.

கொள்ளை நின்ற விதம்

இவ்வளவும் எவ்வாறு முடிந்தது? ஆட்சியாளரின் மனச்சாட்சி விழித்ததனால் என்று எழுத ஆசைதான். உண்மை வேறு. தாம் அடித்துப் பரப்பிய காசே வரியாகவும் குத்தகையாகவும் தம்மிடம் திரும்பி வரத் தொடங்கியதை அவர்கள் கண்டனர். படைவீரரும் அக்காசை வாங்க மறுத்தனர். ஏமாற்ற இனி எவரும் எஞ்சவில்லை என்ற நிலையில், 1622 இலும் 1623 இலும் ஒவ்வோர் அரசாகப் பழைய அளவுக்குத் திரும்பிற்று. தெற்கே தாலர் மீண்டும் 90 குறொய்ட்சர். சாக்சனியில் மீண்டும் 24 குறோஷன். கெட்ட காசு அதிலிருந்த உலோகத்தின் விலைக்கு மட்டும் ஏற்கப்பட்டது. எந்த ஆண்டிற் பட்ட கடன் எவ்வளவு பெறும் என அட்டவணைகள் அச்சிட்டு வெளியிடப்பட்டன. நீதிமன்றங்களில் வழக்குகள் நெடுநாள் நீண்டன. காசு ஏறிய போதும் ஏழைக்கு நட்டம். இறங்கிய போதும் கடைசியாகக் கெட்ட காசைக் கையில் வைத்திருந்த ஏழைக்கே நட்டம்.

பாடம் நிலைத்ததா எனில், அரைகுறையாக நிலைத்தது. 1667 இல் பிராண்டன்பேர்க்கும் சாக்சனியும் சின்னா என்னும் இடத்தில் ஓர் உடன்பாடு செய்தன. 1690 இல் லைப்சிக் உடன்பாடு வந்தது. வெள்ளிக்குச் சந்தையில் ஏறிய விலையை ஏற்று, ஒரு மார்க் வெள்ளியில் 12 தாலர் எனக் கணக்கைத் திருத்தியமை அதன் சிறப்பு. ஆயினும் ஏழாண்டுப் போரில், அதாவது 1756 க்கும் 1763 க்கும் இடையில், பிரசிய மன்னர் இரண்டாம் பிரீட்ரிக் சாக்சனியைப் பிடித்து, அந்நாட்டு அரசரின் முகம் பொறித்த அச்சுக்களாலேயே தரங்குறைந்த காசு அடிப்பித்தார். பழைய நல்ல காசெனத் தோன்றுமாறு போருக்கு முந்திய 1753 என்ற ஆண்டே அவற்றிற் பொறிக்கப்பட்டது. அவற்றை அடிக்கக் குத்தகை எடுத்த யூத முதலாளி எஃப்ராயிமின் பெயரால் மக்கள் அவற்றை 'எஃப்ராயிமிற்றன்' என இகழ்ந்தனர். கட்டளையிட்ட மன்னருக்கோ வரலாறு 'மகா' என்னும் அடைமொழி கொடுத்தது. பழி எங்கே விழும் என்பதில் 140 ஆண்டுகளில் மாற்றமில்லை.

பின்னர் 1871 இல் ஜேர்மனி ஒன்றானது. 1873 இன் நாணயச் சட்டம் பொன்னை அடிப்படையாகக் கொண்ட மார்க்கை நாடெங்கும் நிலைநாட்டிற்று. பழைய தாலர் 3 மார்க்காகக் கணக்கிடப்பட்டது. 10 பெனிக் காசை மக்கள் 2001 வரை 'குறோஷன்' என்றே அழைத்து வந்தனர்.

பிள்ளைகளுக்குக் காட்டவேண்டியது

பேர்லின் போடே அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவிலும், டிறெஸ்டன், மியூனிக் நகரங்களின் நாணயக் காட்சியகங்களிலும் இக்காசுகளைக் காணலாம். விடுமுறையில் அங்கு செல்லும் பெற்றோர் பெரிய தாலர்களின் அழகில் மயங்கி நின்றுவிடாமல், ஓரத்தில் இருக்கும் சின்னக் காசுகளையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். உலகவுருண்டையின் மேல் சிலுவை பொறித்து, உருண்டையினுள் 24 என எழுதிய காசு காணப்படும். ஒரு தாலரில் 24 இல் ஒரு பங்கு என்பதே அதன் பொருள். அதில் 1620, 1621, 1622 என ஆண்டு இருந்தால், முகம் மூக்கு என மேடிட்ட இடங்களை உற்றுப் பாருங்கள். பூச்சுத் தேய்ந்து செம்பு எட்டிப்பார்க்கும். சிவந்த ஹெல்லர் எப்படிச் சிவந்தது என்பதைப் பிள்ளை தன் கண்ணாலேயே காணும். பழம்பொருட் சந்தையில் இத்தகைய காசு கைக்கு எட்டினால், துலக்கிப் பளபளப்பாக்க முயலவேண்டாம். தேய்த்தால் எஞ்சிய மேற்பூச்சும் போய்விடும். காசின் வரலாறும் அதனோடு போய்விடும்.

தமிழில் நாணயம் என்ற சொல்லுக்குக் காசு என்றும் நேர்மை என்றும் இரு பொருள் உண்டு. சொன்ன சொல் தவறாதவரை நாணயமானவர் என்கின்றோம். ஒரு வட்டத் தகட்டில் '24 இல் ஒரு பங்கு' என்று எழுதுவதும் ஒரு வாக்குறுதியே. அவ்வாக்குறுதியைப் பெரிய காசில் காத்துச் சின்னக் காசில் கைவிட்டார்கள் என்பதே இந்த நான்கு ஆண்டுகளின் கதை. பெரிய காசை வைத்திருந்தவன் கேள்வி கேட்கும் வலிமை உள்ளவன், தராசு வைத்திருந்தவன். சின்னக் காசை வைத்திருந்தவன் எண்ணி வாங்க மட்டுமே தெரிந்தவன்.

இன்று நம் காசில் வெள்ளி இல்லை. சம்பளம் வங்கிக் கணக்கில் எண்ணாக வருகின்றது. ஆயினும் அந்த ஆசிரியரின் கணக்கு நமக்கும் உதவும். கையில் வரும் தொகை எவ்வளவு என்று மட்டும் பாராமல், அத்தொகைக்கு எத்தனை பாண், எத்தனை நாள் வாடகை, எத்தனை படி அரிசி வரும் என்று ஆண்டுக்கு ஒருமுறையேனும் பிள்ளைகளையும் இருத்திக் கணக்குப் பாருங்கள். எண் மாறாமலே பொருள் தேயும் என்பதை அவர்கள் இளமையிலேயே அறிந்துகொள்ளட்டும். பிறருக்குக் கொடுக்கும் வாக்கிலும், சிறிய வாக்கு என்று செம்பைக் கலக்காமல் இருக்கவும் கற்றுக்கொள்ளட்டும்.